ஸ்டேட்டாவில் மாறிகளின் வரிசையை மாற்றுவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கணக்கெடுப்பின் தரவு கைக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது, அதைத் திறந்து இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்ப்பதுதான். அடையாள எண் ஒரு மூலையில் கிடக்கும். வயது எங்கோ நாற்பது நெடுவரிசை தள்ளி இருக்கும். நேற்று நாமே உருவாக்கிய புதிய மாறி, அதாவது புதிய நெடுவரிசை, எல்லாவற்றுக்கும் கடைசியில் போய் நிற்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு மாறிகளைத் திரையில் ஒருசேரக் காண முடியாமல் கண் வலிக்கும்.

இதைச் சீர்செய்ய, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளை தரவை அழகாக அடுக்கி வைப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மாறிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைப் பொறுத்துச் சில கணக்குகளின் விடையே மாறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக வரும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லித் தருவோர் குறைவு. ஆகவே கட்டளையை விளக்குவதோடு நிற்காமல் அந்த ஆபத்தையும் இங்கே செய்து காட்டுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் மாறிகளின் பெயர்களையும் இந்தக் கட்டுரையில் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். ஸ்டேட்டா பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகப் பார்க்கும். பெரிய எழுத்தில் அடித்த கட்டளை அதற்குப் புரியாது. எழுத்துக்கூட்டலில் ஐயம் வரக்கூடிய இடங்களில் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு தரவு

சொந்தத் தரவில் கை வைப்பதற்கு முன் ஸ்டேட்டாவோடு கூடவே வரும் பயிற்சித் தரவில் பழகுவது நல்லது. அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது ‘ஆட்டோ’. 1978ஆம் ஆண்டின் கார்களைப் பற்றிய தரவு அது. 74 பதிவுகள், 12 மாறிகள். கட்டளைப் பெட்டியில் இப்படி அடியுங்கள்:

சிஸ்யூஸ் ஆட்டோ, கிளியர்

எஸ், ஒய், எஸ் என்ற மூன்று எழுத்துகளை அடித்து, இடம் விடாமல் ‘யூஸ்’ என்று சேர்க்க வேண்டும். காற்புள்ளிக்குப் பின்னால் வரும் ‘கிளியர்’ ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் தரவை அகற்றிவிடும். சேமிக்காத வேலை ஏதாவது திறந்திருந்தால் முதலில் அதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாறிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள்:

டிஸ்கிரைப், சிம்பிள்

பெயர்கள் மட்டும் வரும்: மேக், பிரைஸ், எம்பிஜி, ரெப்78, ஹெட்ரூம், டிரங்க், வெயிட், லெங்த், டர்ன், டிஸ்பிளேஸ்மென்ட், கியர்_ரேஷியோ, ஃபாரின். முதல் மாறி காரின் பெயர். அடுத்து விலை, ஒரு காலன் பெட்ரோலுக்கு ஓடும் மைல், பழுதுநீக்கப் பதிவேட்டு மதிப்பீடு என்று போய், கார் உள்நாட்டினதா வெளிநாட்டினதா என்று சொல்லும் ஃபாரின் கடைசியில் நிற்கிறது. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஆர்டர் கட்டளை

கார்களை ஒப்பிடுகிற ஒருவருக்கு உள்நாடா வெளிநாடா என்பது காரின் பெயருக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அப்படியானால்:

ஆர்டர் ஃபாரின், ஆஃப்டர்(மேக்)

அவ்வளவுதான். கடைசியில் இருந்த ஃபாரின், மேக்கை அடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. மற்றவை தங்கள் வரிசை கலையாமல் ஓர் இடம் நகர்ந்து கொடுத்திருக்கின்றன. ‘டிஸ்கிரைப், சிம்பிள்’ என்று மறுபடியும் அடித்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் சரிபார்ப்பதைத் தொடக்கத்திலிருந்தே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஒரு மாறிக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க ‘பிஃபோர்’ இருக்கிறது. ஒரே முறையில் பல மாறிகளையும் நகர்த்தலாம்:

ஆர்டர் வெயிட் லெங்த் டர்ன், பிஃபோர்(எம்பிஜி)

எடை, நீளம், திரும்பும் வட்டம் ஆகிய மூன்றும் நீங்கள் எழுதிய அதே வரிசையில், எம்பிஜிக்கு முன்னால் வந்து அமரும். ‘டர்ன் வெயிட் லெங்த்’ என்று எழுதியிருந்தால் அந்த வரிசையில் அமர்ந்திருக்கும்.

கடைசிக்கு அனுப்ப ‘லாஸ்ட்’ என்று சேர்த்தால் போதும்:

ஆர்டர் ரெப்78, லாஸ்ட்

காற்புள்ளியும் அதற்குப் பின்னால் உள்ள விருப்பமும் இல்லாமல் வெறுமனே ‘ஆர்டர் பிரைஸ் மேக்’ என்று எழுதினால், சொன்ன மாறிகள் சொன்ன வரிசையில் முன்னால் வந்துவிடும். சொல்லாதவை இருந்தபடியே பின்தொடரும். நடைமுறையில் நான் மிகுதியாகப் பயன்படுத்துவது இந்த எளிய வடிவத்தைத்தான். முக்கியமான பத்து மாறிகளை ஒரே வரியில் எழுதிவிட்டால் மற்றவற்றைப் பற்றிக் கவலையில்லை.

தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்கள் மேலே உள்ள டேட்டா பட்டியலில் ‘டேட்டா யுடிலிட்டீஸ்’ என்ற பிரிவுக்குள் போனால், மாறிகளின் வரிசையை மாற்றும் உரையாடல் பெட்டியைத் திறக்கலாம். அங்கே சொடுக்கிச் செய்தாலும் அதற்குரிய கட்டளை முடிவுத் திரையில் வந்து விழும். அதைப் பார்த்தே கட்டளையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மாறிகளைப் பட்டியலிடும் பக்கச் சாளரத்தின் தலைப்பைச் சொடுக்கினால் மாறுவது அந்தச் சாளரத்தின் காட்சி மட்டுமே. தரவில் எதுவும் நகர்வதில்லை. சாளரத்தில் அகரவரிசையைப் பார்த்துவிட்டுத் தரவே அப்படி மாறிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேமித்துவைக்கும் டூ-கோப்புகளில் பழையவற்றைப் படிக்கும்போது ‘மூவ்’, ‘ஏஆர்டர்’ என்ற கட்டளைகள் கண்ணில் படலாம். ஒரு காலத்தில் இடம் நகர்த்த ஒன்று, அகரவரிசைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. 11ஆம் பதிப்பிலிருந்து அந்த வேலைகளையும் ஆர்டரே செய்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் பழைய இரண்டையும் கற்க வேண்டியதில்லை.

சார்ட், கீப் ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க

‘சார்ட்’ பதிவுகளை மேலும் கீழுமாக அடுக்கும். ‘ஆர்டர்’ மாறிகளை இடமும் வலமுமாக அடுக்கும். விலை குறைந்த கார் முதலில் வர வேண்டுமா, சார்ட். விலை என்ற நெடுவரிசை முதலில் வர வேண்டுமா, ஆர்டர். இவற்றில் ஒன்று மற்றதன் வேலையைக் கலைக்காது. ஆர்டர் எந்த மதிப்பையும் மாற்றுவதில்லை. மாறிகளுக்கு இட்ட விளக்கப் பெயர்களும் குறியீட்டு விளக்கங்களும் அந்தந்த மாறியோடு சேர்ந்தே நகரும்.

‘கீப்’ கட்டளையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘கீப் ஃபாரின் பிரைஸ் மேக்’ என்று எழுதினால் அந்த மூன்று மட்டும் மிஞ்சும் என்பது சரி. ஆனால் அவை நீங்கள் எழுதிய வரிசையில் வராது. தரவில் ஏற்கெனவே இருந்த வரிசையிலேயே நிற்கும். ஆர் மொழியின் ‘செலக்ட்’ எழுதிய வரிசையிலேயே தரும் என்பதால், அங்கிருந்து ஸ்டேட்டாவுக்கு வருகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. கீப் எழுதியபின் தனியே ஓர் ஆர்டர் வரியும் எழுத வேண்டும்.

இடைக்கோட்டில் இருக்கும் ஆபத்து

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. நிதானமாகச் செய்து பாருங்கள்.

ஸ்டேட்டாவில் அடுத்தடுத்து நிற்கும் மாறிகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. ‘பிரைஸ்-வெயிட்’ என்று இடைக்கோடு போட்டால், பிரைஸ் தொடங்கி வெயிட் வரை நடுவில் உள்ள எல்லாம் என்று பொருள். வசதியான குறுக்குவழி. எல்லாப் பயிற்சி நூல்களும் சொல்லித் தரும். ஆனால் ‘நடுவில் உள்ள எல்லாம்’ என்பது எதைக் குறிக்கிறது? பெயரின் அகரவரிசையை அல்ல, பொருளின் தொடர்பையும் அல்ல. அந்தக் கணத்தில் தரவில் எது எதற்கு அருகில் நிற்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது.

தரவை மறுபடியும் புதிதாகத் திறந்து இந்த இரண்டு வரிகளை இயக்குங்கள்:

சிஸ்யூஸ் ஆட்டோ, கிளியர்
ஈஜென் மிஸ்1 = ரோமிஸ்(பிரைஸ்-வெயிட்)

ஈஜென் என்பது ஈ, ஜி, ஈ, என் என்ற நான்கு எழுத்துகள். ரோமிஸ் என்பதில் ‘ரோ’, ‘மிஸ்’ என்ற இரண்டு சொற்களும் இடைவெளியின்றிச் சேர்ந்திருக்கின்றன. சொன்ன மாறிகளில் எத்தனை மதிப்புகள் விடுபட்டிருக்கின்றன என்று ஒவ்வொரு பதிவுக்கும் இது எண்ணிச் சொல்லும். இப்போது ‘டேபுலேட் மிஸ்1’ என்று அடியுங்கள். 69 கார்களுக்கு 0 என்றும் 5 கார்களுக்கு 1 என்றும் வரும். ரெப்78 என்ற மாறியில் 5 கார்களுக்குத் தகவல் இல்லை. அதைத்தான் இந்த எண் சொல்கிறது. எண்ணிக்கை சரி.

அடுத்து, ஒரு காரணமும் சொல்லாமல் ஒருவர் நடுவில் ஓர் ஆர்டர் வரியைச் செருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

ஆர்டர் வெயிட் லெங்த் டர்ன், பிஃபோர்(எம்பிஜி)
ஈஜென் மிஸ்2 = ரோமிஸ்(பிரைஸ்-வெயிட்)
டேபுலேட் மிஸ்2

74 கார்களுக்கும் 0. எந்தத் தகவலும் விடுபடவில்லை என்கிறது ஸ்டேட்டா.

தரவு மாறவில்லை. நாம் எழுதிய ‘பிரைஸ்-வெயிட்’ என்பதும் மாறவில்லை. ஆனால் முன்பு அந்த இடைக்கோட்டுக்குள் பிரைஸ், எம்பிஜி, ரெப்78, ஹெட்ரூம், டிரங்க், வெயிட் என ஆறு மாறிகள் இருந்தன. வெயிட் முன்னால் வந்துவிட்டதால் இப்போது பிரைஸும் வெயிட்டும் மட்டுமே இருக்கின்றன. தகவல் விடுபட்ட ரெப்78 கணக்கிலேயே இல்லை. கட்டளை இலக்கணப்படி சரியானது என்பதால் பிழைச் செய்தி வரக் காரணமும் இல்லை. வெயிட்டைப் பிரைஸுக்கும் முன்னால் கொண்டுபோயிருந்தால் ஸ்டேட்டா முரண்டுபிடித்திருக்கும், நாமும் விழித்துக்கொண்டிருப்போம். பாதி தூரம் மட்டும் நகர்ந்ததால் அது நடக்கவில்லை.

இதையே ஒரு நோயாளிக் கணக்கெடுப்பிலோ குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலோ எண்ணிப் பாருங்கள். ‘அரிசி-மருந்து’ என்று செலவுகளைக் கூட்டுகிற வரி ஒன்று இருக்கிறது. நடுவில் யாரோ வரிசையை மாற்றினால் மொத்தச் செலவு குறையும், வறுமை விகிதம் கூடும், அறிக்கை அச்சாகும். யாருடைய கண்ணிலும் பிழை என்று எதுவும் பட்டிருக்காது.

இதற்கு என்ன செய்வது? என் முதல் பரிந்துரை: டூ-கோப்பின் நடுவில் ஆர்டர் எழுதவே எழுதாதீர்கள். தரவைத் திறந்த உடனே எழுதுங்கள். இல்லையென்றால் சேமிப்பதற்கு முந்தைய வரியில் எழுதுங்கள். நடுவில் வரிசை மாறாது என்று உறுதியாக இருந்தால், ஒரு டூ-கோப்புக்குள் இடைக்கோடு ஒரே பொருளைத் தரும்.

சேமிக்கும்போது ஆர்டர் எழுதினால், அதே கோப்பைத் திறக்கும் அடுத்த டூ-கோப்பில் இடைக்கோடு வேறு பொருள் தரலாம் என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் இரண்டாவது பரிந்துரை: கணக்கில் நேரடியாகப் பங்கெடுக்கும் இடங்களில், கூட்டல், சராசரி, விடுபட்டவை எண்ணுதல், தொடர்புப் போக்கு ஆகியவற்றில், இடைக்கோட்டைக் கைவிட்டுப் பெயர்களை முழுதாக எழுதுங்கள். கை சற்று வலிக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிக்கிறவருக்கு என்ன கூட்டப்பட்டது என்று தரவைத் திறக்காமலே தெரியும்.

மாறிகள் முப்பது, நாற்பது என்றால் ‘அன்ஆப்’ என்ற கட்டளை உதவும். யு, என், ஏ, பி என்ற எழுத்துகள்.

அன்ஆப் லிஸ்ட் : பிரைஸ்-வெயிட்

இடைக்கோட்டை அந்த நிமிடத்தின் வரிசைப்படி விரித்து, முழுப் பெயர்களையும் ‘லிஸ்ட்’ என்ற உள்ளக மேக்ரோவில் (பெயர் சூட்டிய ஒரு தற்காலிகச் சேமிப்பிடத்தில்) இது வைத்துக்கொள்ளும். பின்னால் வரிசை எப்படி மாறினாலும் அந்தப் பட்டியல் மாறாது. மேக்ரோவைப் பயன்படுத்தும்போது பெயரின் இடப்பக்கம், பெரும்பாலான விசைப்பலகைகளில் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் சாய்ந்த குறியும், வலப்பக்கம் சாதாரண ஒற்றை மேற்கோள்குறியும் வர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே குறியைப் போட்டால் வேலை செய்யாது. மேக்ரோ என்ற பெயரைக் கேட்டே அஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்தக் குறியில்தான்.

பெயரைச் சுருக்கி எழுதுவதிலும் இதே வகை ஆபத்து இருக்கிறது. வேறு எந்த மாறியோடும் குழம்பாத அளவுக்கு எழுதினால் போதும், ஸ்டேட்டா மீதியை ஊகித்துக்கொள்ளும். புதிய மாறிகள் சேரச் சேர அந்த ஊகம் உங்கள் எண்ணத்தோடு பொருந்தாமல் போகலாம். ‘செட் வார்அப்ரெவ் ஆஃப்’ என்று ஒருமுறை அடித்துவிட்டால் முழுப் பெயரை மட்டுமே ஏற்கும். எல்லா டூ-கோப்புகளின் தலையிலும் இந்த வரி இருப்பது நல்லது.

அகரவரிசையும் எண்வரிசையும்

ஆர்டர் _ஆல், ஆல்ஃபபெடிக்

இதை இயக்கினால் எல்லா மாறிகளும் ஆங்கில அகரவரிசைக்கு மாறும். ஆட்டோ தரவில் டிஸ்பிளேஸ்மென்ட் முதலிலும், வெயிட் கடைசியிலும் வரும். காரின் பெயரான மேக் நடுவில் ஆறாம் இடத்தில் மறைந்துவிடும். நூற்றுக்கணக்கான மாறிகளில் ஒன்றைத் தேட இது பயன்படும். அதற்கு மேல் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கெடுப்புக் கேள்விகள் ஒரு காரணத்தோடு அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கு கலைந்தால் தரவைப் படிப்பது கடினம். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்கள் சிறிய எழுத்தில் தொடங்குபவற்றுக்கு முன்னால் போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்விகளுக்கு க்யூ1, க்யூ2 என்று க்யூ10க்கு மேலும் பெயரிட்டிருந்தால் அகரவரிசை அவற்றைக் கலைத்துவிடும்: க்யூ1, க்யூ10, க்யூ2 என்று வரும். எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்க ‘சீக்வென்ஷியல்’ இருக்கிறது:

ஆர்டர் க்யூ*, சீக்வென்ஷியல் ஆஃப்டர்(ஏஜ்)

வயதை அடுத்து க்யூ1, க்யூ2, க்யூ3 என்று வரிசையாக நிற்கும். இங்கே உடுக்குறி, க்யூ என்று தொடங்கும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். ‘குவார்ட்டர்’ என்று காலாண்டைக் குறிக்கும் மாறி ஒன்று இருந்தால் அதுவும் கேள்விகளோடு சேர்ந்துவிடும். உடுக்குறிக்குப் பதில் வினாக்குறி போட்டால் அந்த இடத்தில் ஓர் எழுத்து மட்டும் என்று பொருள், க்யூ? என்றால் க்யூ1 முதல் க்யூ9 வரை வரும், க்யூ10 வராது.

பெரிய தரவில் செய்து பார்ப்போம்

பழகியாகிவிட்டது, இனி உண்மையான வேலை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடந்தது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைத்தது. அதில் 7,24,115 பெண்கள் பேட்டி காணப்பட்டார்கள். பெண்களுக்கான தனிநபர் கோப்பில் சில ஆயிரம் மாறிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மகப்பேறு, ஊட்டச்சத்து, பெண் கல்வி பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

ஸ்டேட்டாவின் அடிப்படைப் பதிப்பு 2,048 மாறிகளுக்கு மேல் ஏற்காது. எஸ்இ பதிப்பு 32,767 வரையும் எம்பி பதிப்பு 1,20,000 வரையும் ஏற்கும். அடிப்படைப் பதிப்பு வைத்திருப்பவர்கள் தேவையான மாறிகளின் பெயர்களை ‘யூஸ்’ கட்டளையிலேயே எழுதி, ‘யூசிங்’ என்ற சொல்லுக்குப் பின் கோப்பின் பெயரைத் தந்தால், அவை மட்டும் திறக்கும்.

இந்தக் கோப்பில் மாறிகளுக்கு வி என்ற எழுத்தோடு எண் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வி001 திரள் (மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த ஊர் அல்லது நகரப் பகுதி) எண், வி002 வீட்டு எண், வி003 அந்த வீட்டில் பெண்ணின் வரி எண், வி005 மாதிரி எடை, வி012 வயது, வி024 மாநிலம், வி025 நகரமா கிராமமா, வி106 கல்வி நிலை, வி190 செல்வக் குறியீடு. திறந்ததும் இப்படி எழுதலாம்:

ஆர்டர் கேஸ்ஐடி வி001 வி002 வி003 வி005 வி024 வி025 வி012 வி106 வி190

கேஸ்ஐடி என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய அடையாளம். அடையாளம், எடை, இடம், ஆள் என்ற வரிசை இது. ‘பிரவுஸ்’ செய்து பார்க்கும்போது ஒவ்வொரு பெண்ணும் யார், எங்கே என்பது இடப்பக்கத்திலேயே தெரியும். ஆய்வுக்குரிய மாறிகளை அவற்றுக்கு வலப்பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். ‘ஆர்டர் வி*’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான மாறிகள் ஒரே கூட்டமாக முன்னால் வந்து நிற்கும்.

வி005இல் உள்ள எடை ஆறு தசம இடங்களைப் புள்ளியின்றி எழுதிய எண். பயன்படுத்துமுன் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். அப்படி உருவாக்கும் புதிய மாறி வழக்கமாகக் கடைசிக்குப் போய்விடும். பிறகு தேடிப் பிடித்து நகர்த்துவதைவிட, உருவாக்கும்போதே இடத்தைச் சொல்லிவிடலாம்:

ஜெனரேட் டபிள்யூடி = வி005/1000000, ஆஃப்டர்(வி005)

ஜெனரேட் கட்டளைக்கும் ஆஃப்டர், பிஃபோர் இரண்டும் உண்டு. இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. தெரிந்துகொண்டால் பாதி ஆர்டர் வரிகள் தேவைப்படாது.

இந்தக் கோப்பில் பிள்ளைகளின் பிறப்பு வரலாறு பி3_01, பி3_02 என்று பி3_20 வரை போகிறது. ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சுழியம் இருப்பதால் அகரவரிசையும் எண்வரிசையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. உங்கள் சொந்த வினாத்தாளிலும் கேள்விகள் பத்தைத் தாண்டும் என்றால் இதே போலப் பெயரிடுங்கள். நூறைத் தாண்டும் என்றால் இரண்டு சுழியம்.

மாறியின் பெயர் வி106 என்றே இருந்தாலும் அதன் விளக்கப் பெயரைத் தமிழிலேயே எழுதிவைக்கலாம். 14ஆம் பதிப்பிலிருந்து ஸ்டேட்டா யூனிகோடை ஏற்கிறது. ‘லேபிள் வேரியபிள் வி106’ என்று எழுதி மேற்கோள்குறிக்குள் “கல்வி நிலை” என்று தாருங்கள். குழுவில் களப்பணியாளர்களும் தரவைப் பார்க்கிறார்கள் என்றால் இது பெரிய உதவி. வரிசை மாறினாலும் இந்தப் பெயர் மாறியை விட்டுப் போகாது.

பழைய வரிசைக்குத் திரும்ப

ஆர்டருக்கு மீட்டெடுக்கும் பொத்தான் கிடையாது. சேமிக்காத வரை கோப்பில் எதுவும் மாறியிருக்காது என்பதால் மறுபடியும் திறந்தால் பழைய வரிசை கிடைக்கும். ஆனால் இடையில் செய்த மற்ற வேலைகளும் போய்விடும். அதனால் தொடக்கத்திலேயே வரிசையைக் குறித்துவைத்துக்கொள்வது மேல்:

டிஎஸ்
லோக்கல் ஓல்டு `ஆர்(வார்லிஸ்ட்)'

டிஎஸ் எல்லாப் பெயர்களையும் காட்டி, அந்தப் பட்டியலை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அடுத்த வரி அதை ‘ஓல்டு’ என்ற மேக்ரோவுக்கு மாற்றுகிறது. எப்போது வேண்டுமானாலும் ‘ஆர்டர் `ஓல்டு'’ என்றால் பழைய மாறிகள் பழையபடி நிற்கும். இடையில் உருவாக்கியவை கடைசியில் இருக்கும். டூ-கோப்பு முடிந்ததும் உள்ளக மேக்ரோ அழிந்துவிடும் என்பதால், குறித்துவைக்கும் வரியையும் திரும்பும் வரியையும் ஒரே ஓட்டத்தில் இயக்குங்கள்.

வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு

ஆர் மொழியில் டிப்ளையர் தொகுப்பின் ‘ரீலொகேட்’ இதே வேலையைச் செய்கிறது. 2020இல் வந்த 1.0.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அங்கேயும் ஆஃப்டர், பிஃபோர் உண்டு. முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பைத்தானின் பாண்டாஸில் பெயர்களை வேண்டிய வரிசையில் பட்டியலாகக் கொடுத்துத் தரவை மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். பட்டியலில் எழுத மறந்தது தொலைந்துபோகும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘ஆட் ஃபைல்ஸ்’ கட்டளையின் ‘கீப்’ பகுதியில் பெயர்களை எழுதி, இறுதியில் ‘ஆல்’ சேர்ப்பார்கள். சாஸில் ‘செட்’ வரிக்கு முன்னால் ‘ரீடெய்ன்’ வரி எழுதுவது வழக்கம்.

இடைக்கோட்டின் ஆபத்து இவை எல்லாவற்றிலும் வேறு உருவத்தில் இருக்கிறது. ஆரின் செலக்டில் முக்காற்புள்ளி, எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘டு’ என்ற சொல், சாஸில் இரட்டை இடைக்கோடு. மூன்றும் நெடுவரிசைகளின் அப்போதைய இடத்தைத்தான் பார்க்கின்றன. சாஸில் ஒற்றை இடைக்கோடு மட்டும் வேறு: எக்ஸ்1-எக்ஸ்5 என்றால் பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து ஐந்தையும் எடுக்கும், அவை எங்கே நின்றாலும் சரி. ஒரு கோடு கூடினால் பொருளே மாறிவிடும் என்பதால் சாஸ் நிரலைப் படிக்கும்போது கோடுகளை எண்ணிப் படியுங்கள்.

பிறருக்கு அனுப்பும் முன்

‘எக்ஸ்போர்ட் எக்செல்’, ‘எக்ஸ்போர்ட் டிலிமிட்டட்’ இரண்டும் தரவில் உள்ள வரிசையிலேயே நெடுவரிசைகளை எழுதும். ஒரே கணக்கெடுப்பின் இரண்டு சுற்றுகளை இப்படி அனுப்பினால், பெறுகிறவர் ஒன்றன் கீழ் ஒன்றாக நகலெடுத்து ஒட்டக்கூடும். ஸ்டேட்டாவின் ‘அப்பெண்ட்’ பெயரைப் பார்த்துச் சேர்க்கும்; விரிதாளில் நகலெடுத்து ஒட்டும்போது இடம் மட்டுமே கணக்கு. வயது நெடுவரிசையின் கீழ் வருமானம் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகவே எல்லா மாறிகளின் பெயர்களையும் கொண்ட ஒரே ஆர்டர் வரியை ஒரு சிறிய டூ-கோப்பில் எழுதி, அனுப்புவதற்கு முன் இரண்டு சுற்றுகளிலும் அதையே இயக்குங்கள். பட்டியலில் உள்ள ஒரு மாறி ஏதாவது ஒரு சுற்றில் இல்லையென்றால் ஸ்டேட்டா அந்தப் பெயரைச் சொல்லி நின்றுவிடும். விடுபட்டது எது என்று அப்போதே தெரியும். பட்டியலில் இல்லாத கூடுதல் மாறி ஒரு சுற்றில் இருந்தால் மட்டும் அது சத்தமின்றிக் கடைசியில் போய் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க ‘டிஸ்பிளே சி(கே)’ என்று அடித்து, இரண்டு சுற்றுகளிலும் மாறிகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.